உள்ள என்னது?

என்னைப் பார்த்த முதல் நிமிஷத்திலேயே அக்கா என் டிபன் பாக்ஸைத் திறந்துவிட்டார்.

நான் வணக்கம் சொன்னேன். அவரும் சொன்னார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் கை மேசைமேல் இருந்த என் டிபன் பாக்ஸுக்குப் போய்விட்டது. “உள்ள என்னதுண்ணே?” என்றார். கேள்வியெல்லாம் ஒரு மரியாதைக்குத்தான். நான் வாயைத் திறப்பதற்குள் டப்பா வாயைத் திறந்திருந்தது.

“புளியோதரை. மதினி எள்ளு வறுத்துப் பொடிச்சுப் போட்ருக்காக. நேத்து காய்ச்சின புளியா?”

“முந்தாநேத்து.”

ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது. அக்கா கேட்டால் சொல்லிவிடத் தோன்றும். அவர் கேள்வியில் வம்பு இருக்காது. தெரிந்தே ஆகவேண்டும் என்ற ஒரு பசி இருக்கும். பசியோடு வந்து நிற்கிறவரை எப்படி இல்லை என்று அனுப்புவது?

அக்கா என்னைவிட வயதில் ரொம்ப இளையவர். ஊரே அக்கா என்றது, நானும் அப்படியே பழகிவிட்டேன். அவர் என்னை அண்ணே என்பார், நான் அவரை அக்கா என்பேன். கேட்பவர்கள் எங்களில் யார் மூத்தவர் என்று குழம்புவார்கள். என் வழுக்கையைப் பார்த்துத் தெளிவார்கள்.

எந்த மூடியையும் திறந்து பார்க்கிற இந்தப் பழக்கத்தால்தான் ஒரு குடும்பம் தப்பித்தது. இதே பழக்கத்தால்தான் அக்கா அந்த ஊரைவிட்டே போகும்படியும் ஆயிற்று. ஆனால் அதற்கு முன்னால் நான் ஆப் செய்த கதையைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

நான் சிவகாசியில் ஒரு அச்சகத்தில் காலண்டர் டிசைன் செய்கிறவன். தினசரி காலண்டர் அட்டையில் முருகனுக்குக் கீழே ஜவுளிக்கடை பெயரை எங்கே வைத்தால் முருகனும் கோபிக்கமாட்டார், கடைக்காரரும் கோபிக்கமாட்டார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். என் கல்வி அத்தோடு முடிந்தது. எங்கள் முதலாளியின் குடும்பம் ஆனைக்குட்டம் போகிற வழியில் ஓர் ஊரில் மன்றம் ஒன்று நடத்திவந்தது. சாயங்கால வகுப்பு, வாலிபால், தையல், கம்ப்யூட்டர், தீக்காயம் பட்டால் என்ன செய்வது என்ற பயிற்சி என்று எல்லாம் உண்டு. இளவட்டங்கள்தான் இல்லை. முன்பு இடம் கொள்ளாமல் வந்துகொண்டிருந்தவர்கள் கொரோனாவுக்காக மூடித் திறந்த பிறகு வரவேயில்லை.

ஒருநாள் முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

“ஏப்பா, நீ கம்ப்யூட்டர்லதான ஒக்காந்திருக்க?”

“ஆமா மொதலாளி.”

“அப்ப ஒரு ஆப் போட்டுரு. பயலுக பூராம் செல்போனுக்குள்ள போயிட்டானுக. அங்கனயே போயி கூப்பிடுவோம். ஆடிக்குள்ள முடிச்சிரு.”

ஆடிப் பதினெட்டுக்குப் புதுக் காலண்டர் ஆல்பம் வெளியிடுவது எங்கள் தொழிலில் வழக்கம். அவருக்கு ஆப்பும் அந்தக் கணக்கில்தான் பட்டது. நான் முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஐம்பதை நெருங்கும் ஒருவனிடம் இளைஞர்களுக்காக ஏதோ செய் என்று யாராவது சொன்னால், அவனுக்குத் தன்னையும் அதில் சேர்த்துவிட்டார்கள் என்று ஒரு நப்பாசை வந்துவிடுகிறது. சரி என்றேன். மதுரையில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் தம்பி உள்வேலையைச் செய்துகொடுப்பது, திரையில் என்ன எங்கே வரவேண்டும் என்பதை நான் வரைந்துகொடுப்பது என்று ஏற்பாடு. மன்றத்தைப் பார்த்துக்கொள்கிற அக்காதான் எனக்கு விவரம் சொல்ல வேண்டும்.

முதல் வரைவை அக்காவிடம் நீட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். திரையை ஒரு விரலால் மேலே தள்ளினார், கீழே தள்ளினார்.

“மேல புள்ளையாரு இருக்காரு. நடுவுல தேதி இருக்கு. கீழ ராகுகாலம், எமகண்டம். ஏண்ணே, இதக் கிழிக்க முடியுமா?”

“இது ஆப்புக்கா.”

“அதாண்ணே கேக்கேன். கிழிச்சா உள்ள அடுத்த நாள் இருக்குமான்னு.”

என் மனைவி அன்றைக்குப் பூராவும் சிரித்தாள். “கைப்பழக்கம் விடுமா? கூட ஒரு ஆணியும் குடுத்துருங்க, சுவத்துல மாட்டிக்கிடட்டும்” என்றாள்.

அக்கா கேலிக்காகக் கேட்கவில்லை என்பதுதான் விசேஷம். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் போனில் எதையாவது பார்த்தால், அக்கா கழுத்தை நீட்டி, “கொஞ்சம் மெதுவாத் தள்ளுங்க, நான் இன்னும் படிக்கல” என்பார். கல்யாண வீட்டுக்குப் போனால் நேரே சமையல் கொட்டகைக்குப் போய் அண்டா அண்டாவாகத் திறந்து பார்த்துவிட்டுத்தான் மணமேடைக்கு வருவார். யார் வீட்டுக்குள் போனாலும் அடுப்பில் இருப்பதன் மூடியை எடுத்து மோந்து பார்ப்பார். ஊரில் பெண்கள் திட்டுவார்கள். “வந்துட்டாடி மூடி தொறக்க” என்பார்கள். சொல்லிக்கொண்டே கரண்டியில் எடுத்து அவர் உள்ளங்கையில் கொஞ்சம் விடுவார்கள்.

ஆனால் அவர் மூடியை யாரும் திறக்க முடியாது. வெயில் கொளுத்துகிற சித்திரையிலும் மணிக்கட்டு வரை கை வைத்த ரவிக்கைதான் போடுவார். ஒருநாள், “இந்த வெக்கைல எப்படிக்கா?” என்றேன். “உங்க சட்டைல மூணாவது பட்டன் மட்டும் ஏண்ணே வேற கலர்ல இருக்கு?” என்று கேட்டார். அந்தப் பட்டனின் வரலாற்றை நான் சொல்லி முடித்தபோது என் கேள்வி எங்கே போனதென்று எனக்கே நினைவில்லை.

ஆப் ஒருவழியாகத் தயாரானது. அக்கா அதை ஊர் இளவட்டங்கள் போனில் ஏற்றிவிட்டார். தினமும் மத்தியானம் எல்லார் போனுக்கும் ஒரு செய்தி போகும்: ‘இன்று மாலை வாலிபால். வாருங்கள்!’ முதல் நாள் செய்தி போனது. சாயங்காலம் நானும் அக்காவும் மன்றத்து வாசலில் காத்திருந்தோம். ஒருவர் வந்தார். சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு, மூச்சு வாங்க நின்றார். தலையில் ஒரு கறுப்பு முடி கிடையாது. பக்கத்துப் பட்டாசுக் கம்பெனி கேட்டில் வாட்ச்மேனாக இருப்பவர்.

“எந்தப் பய அது, எல்லா போனையும் ஒரே நேரத்துல கத்த விட்டது?”

பட்டாசுக் கம்பெனிக்குள் போனைக் கொண்டுபோக முடியாது. காலையில் கேட்டிலேயே வாங்கி ஒரு மரப்பெட்டியில் போட்டுவிடுவார்கள். வேலைக்குப் போகிற ஊர் இளவட்டங்களின் போன் பூராவும் அந்தப் பெட்டியில்தான் கிடக்கும். அத்தனையும் சேர்ந்து அலறியதில் பெரியவர் ஸ்டூலிலிருந்து விழப் பார்த்திருக்கிறார். ஆப்பைப் பார்த்துவிட்டு மன்றத்துக்கு வந்த முதல் இளைஞர் அவர்தான்.

நான் தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன். அக்கா அவருக்கு மோர் கொடுத்து, “பெட்டிக்குப் பூட்டு உண்டா மாமா? உள்ள யாரு போன் மேல கெடக்கும், யாரு போன் அடியில கெடக்கும்?” என்று விசாரித்துக்கொண்டிருந்தார். பெரியவர் கோபத்தை மறந்து விலாவாரியாகச் சொன்னார். கடைசியில் ஒரு ஆட்டம் கேரமும் ஆடிவிட்டுப் போனார். செய்தியை ஆறு மணிக்கு மாற்றினேன்.

அடுத்தது சத்தம். அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சுடும்.

யாராவது ஆப்பில் பெயர் பதிந்தால் திரையில் பூ மத்தாப்பு சிதற வேண்டும், கூடவே சரவெடி வெடிக்க வேண்டும் என்று வைத்திருந்தேன். நம்ம ஊர் அடையாளம் இருக்க வேண்டாமா? பிள்ளைகளின் அம்மாமாருக்கு அறிமுகம் செய்யும் நாளில் மன்றத்தில் நிறையப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். போனைப் பெரிய ஸ்பீக்கரில் இணைத்து, பெருமையாகப் பட்டனை அமுக்கினேன்.

சரம் வெடித்தது. ஒருத்தரும் கை தட்டவில்லை. எல்லாரும் எழுந்துவிட்டார்கள். தெருவில் வீடுகளிலிருந்தும் ஆட்கள் வெளியே வந்து, கம்பெனிகள் இருக்கிற மேற்குப் பக்கத்து வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். புகை தெரிகிறதா என்று. ஒரு அம்மா தன் மகன் நம்பருக்கு அடிக்க ஆரம்பித்தார். போன் கேட் பெட்டியில் கிடக்கிறது, யார் எடுப்பார்கள்? மணி போய்க்கொண்டே இருந்தது. அக்காதான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “சித்தி, இங்கன பாருங்க, இது செல்லுக்குள்ள உள்ள சத்தம். ஒண்ணுமில்ல சித்தி” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

எல்லாரும் போன பிறகு என்னிடம் வந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

“அண்ணே, நீங்க சிவகாசிதான?”

“ஆமாக்கா. பொறந்ததே அங்கதான்.”

“பெறகு எப்படிண்ணே?”

அப்போதும் கேள்விதான். வெடிக்கு லேபிள் அடிக்கிற தெருவில் வளர்ந்தவன் நான். எங்களுக்கு வெடிச் சத்தம் என்றால் ஆர்டர், சீசன், போனஸ். ஒரு சத்தம் கேட்டால் வீட்டு ஆட்களை எண்ணிப் பார்க்கிற ஊர் பஸ்ஸில் கொஞ்ச நேரத் தூரத்தில்தான் இருந்தது. அத்தனை வருஷத்தில் அங்கே எனக்கு ஒரு வேலையும் இருந்ததில்லை. அன்றைக்கே சத்தத்தை எடுத்துவிட்டு சைக்கிள் பெல் வைத்தேன்.

இவ்வளவுக்குப் பிறகும் பிள்ளைகள் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதற்கு ஆளுக்கு ஒரு காரணம் வைத்திருந்தோம். முதலாளி செல்போன் என்றார், டியூஷன் எடுக்கிற தம்பி பைக் என்றார், நான் இந்தக் காலத்துப் பிள்ளைகள் என்றேன். அக்காதான், “அதுககிட்டயே கேப்பம்ணே” என்றார்.

“கேட்டா சொல்லுவாங்களா?”

“எங்கிட்ட மூஞ்சிக்கு நேரா சொல்லாதுக. பேரு தெரியாதுன்னா சொல்லும்.”

அதற்கான திரையை அக்காவே சொல்லச் சொல்ல வரைந்தேன். பிள்ளையார் இல்லை, மத்தாப்பு இல்லை. ‘ஏன் வரல?’ என்று ஒரு கேள்வி. அதற்குக் கீழே சின்னதாக ‘பேரு வேணாம், காரணம் மட்டும் போதும். யாருன்னு நாங்க தேட மாட்டோம்’ என்று ஒரு வரி. கீழே ஒரு வெற்றுக் கட்டம். நான் செய்த ஆப்பில் உருப்படியான பக்கம் அது ஒன்றுதான். அதிலும் என் வேலை கோடு போட்டது மட்டும்.

அப்புறம் வந்தன பதில்கள். படிக்கிற பிள்ளைகளுக்குத் தனி போன் கிடையாது, வீட்டு போன்தான். அது கைக்கு வருகிற ராத்திரி நேரத்தில் எழுதித் தள்ளியிருந்தார்கள். நானும் அக்காவும் ஞாயிற்றுக்கிழமை காலையில் மன்றத்தில் உட்கார்ந்து படித்தோம்.

‘வாலிபால் நெட் கிழிஞ்சி ஆடு பூந்து போகுது.’

‘பாத்ரூம்ல தாப்பா இல்ல.’

‘நான் பிளஸ் டூ பெயிலு. வந்தா டியூசன் அண்ணன் மார்க் கேப்பாரு.’

‘எங்கப்பாவும் கேரம் வெளாட வாராரு. வீட்லயும் அவரு, அங்கயும் அவரா?’

‘அக்கா டிபன் பாக்ஸத் தொறந்து பாக்காக.’

கடைசியைப் படித்துவிட்டு அக்கா சத்தமாகச் சிரித்தார். “ஏண்ணே, யாரு இது?” என்று கேட்டவர், கேட்ட வேகத்தில் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். தேட மாட்டோம் என்று எழுதச் சொன்னது அவர்தானே. அவர் கண் மட்டும் என் முகத்தில் பதிலைத் தேடியது. “எனக்கே தெரியாதுக்கா, மதுரைத் தம்பியக் கேட்டாத்தான் நம்பர் தெரியும்” என்றேன். “கேக்காதீக” என்றார். சொல்லும்போது சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தவர் மாதிரி இருந்தார்.

அடுத்த பதிலில் இருவரும் நின்றுவிட்டோம்.

‘எங்க வீட்ல அம்மா அடுப்பு பத்த வைக்கும்போது உள்ரூம் கதவ யாராச்சும் சாத்திப் பிடிச்சிக்கணும். அதான் வரல.’

எனக்கு விளங்குவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அக்காவுக்கு உடனே விளங்கிவிட்டது. உள்ரூமில் வெடிமருந்து இருக்கிறது. கம்பெனி வேலை இல்லாத சமயத்தில் யாரோ ஏஜெண்டு கொடுத்த வேலையை, லைசென்ஸ் இல்லாமல் திருட்டுத்தனமாக வீட்டில் வைத்துச் செய்கிறார்கள். சமைக்கும்போது நெருப்பு அந்தப் பக்கம் போய்விடக் கூடாதென்று பிள்ளைகளைக் கதவுக்குக் காவல் வைத்திருக்கிறார்கள். ஒரு பலகைக் கதவு, அதைப் பிடித்துக்கொண்டு ஒரு பிள்ளை.

“போலீசுக்குச் சொல்லுவோம்க்கா.”

“ஜீப்பு கம்மாய்க்கரை ஏறும்போதே ஊருக்குள்ள தெரிஞ்சிரும். தெரிஞ்சா பதறிப்போயி அள்ளி ஒளிப்பாக. அந்தப் பதட்டத்துலதாண்ணே எல்லாம் போகும். மொதல்ல ஆளுகள வெளிய கொண்டாரணும்.”

நான் வெளியே போய் மதுரைத் தம்பிக்கு போன் போட்டேன். அவன் நம்பரையும் பதிந்திருந்த விலாசத்தையும் தேடிச் சொன்னான். யார் வீடு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே வந்து வாயெடுத்தேன். அக்கா இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

“வீட்டச் சொல்லாதீக. எனக்கு நடிக்க வராது. தெரிஞ்சுகிட்டுப் போனா எம் மூஞ்சி காட்டிக் குடுத்துரும். புள்ளைகதான் சொல்லிருக்குன்னு கண்டுபிடிச்சிருவாக. தெருவ மட்டும் சொல்லுங்க.”

“கம்மாய்க்கரைத் தெரு.”

“வாங்க. ஆப் ஏத்தி விட வந்திருக்கோம்னு சொல்லுவோம்.”

அந்தத் தெருவில் நான் நடந்த நடை எனக்கு மறக்காது. எந்த வீடென்று எனக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியாது. நேரமோ சமையல் நேரம். அக்கா முதல் வீட்டுக்குள் நுழைந்து, “என்ன சித்தி, கொழம்பு வாசம் தெருவத் தூக்குது?” என்று மூடியைத் திறந்தார். நான் வாசலில் நின்று காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த வீட்டில் அவர் தண்ணீர் வாங்கிக் குடித்தபோது, “சீக்கிரம்க்கா, சார்ஜ் போயிரும்” என்றேன். “முன்னால வராதீக அண்ணே, பின்னாலயே வாங்க” என்றார் திரும்பாமல். என் முகத்தைப் பார்க்க அவர் விரும்பவில்லை. அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். என் மனைவியும் மூஞ்சியைக் காட்டாதீங்க என்றுதான் சொல்வாள், வேறு காரணத்துக்காக.

அந்த வீடு வந்தது. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அந்த வீட்டம்மா கரண்டியோடு நின்றார். உள்ரூம் கதவில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி, மூன்று பிள்ளைகளும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பெரியவள் காலேஜ் போக இருந்தவள், நடுவில் ஒரு பையன், கடைசி ஒரு சின்னப் பெண். ஏதோ விளையாட்டு மாதிரிதான் இருந்தது.

“என்னலே, மூணு பேரும் கதவுக்கு முட்டுக் குடுத்திருக்கீக? உள்ள என்னது?”

எப்போதும் கேட்கிற அதே குரல். ஒரு இழை கூடவில்லை.

“ஒண்ணுமில்ல மதினி, பழைய சாமான்” என்றார் அந்த அம்மா.

“சரி, கொழம்பு என்னது?” அக்கா அடுப்புச் சட்டியின் மூடியைத் திறந்தார். மோந்தார். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினார். “உப்பு பத்தலையேடி” என்றார். அந்த அம்மா உப்பு ஜாடிக்குத் திரும்பினார். அதற்குள் அக்காவின் இன்னொரு கை சிலிண்டரின் வால்வை மூடிவிட்டது. தீ அணைந்ததை நான் பார்த்தேன்.

அப்புறம் பிள்ளைகளை நகர்த்திக் கதவைத் திறந்தார். அவர் தோளுக்கு மேலாக எனக்கும் தெரிந்தது. கட்டில் உயரத்துக்கு எதையோ அடுக்கிப் பழைய சேலையால் மூடியிருந்தார்கள். ஓரத்தில் நீல அரிசி டிரம் ஒன்று. மருந்து வாடை வந்தது. டிரம்முக்கு மூடி இருந்தது. அக்கா அதைத் தொடவில்லை. கதவை மட்டும் மெதுவாகச் சாத்தினார்.

“அண்ணன் ஆப்புல குடும்பப் போட்டோ ஏத்தணும்ங்காரு. இருட்டுல நல்லா விழாது. வெளிய வாங்க எல்லாரும். ஏட்டி, நீயும் வா. கொழம்பு எங்கயும் போயிராது.”

அடிகுழாய்க்குப் பக்கத்தில் அவர்களை நிறுத்தி நான் படம் எடுத்தேன். அப்படி ஒரு வசதியே அந்த ஆப்பில் கிடையாது. அவசரத்தில் எடுத்ததில் அம்மாவுக்கு இரண்டு தலை விழுந்திருந்தது. பிள்ளைகள் மூன்றும் சிரித்துக்கொண்டிருந்தன. அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. முப்பது வருஷத் தொழிலில் நான் செய்த டிசைன்களில் எதைக் காட்டச் சொன்னாலும் அதைத்தான் காட்டுவேன்.

மற்றதைத் தெருவில் வைத்தே அக்கா அந்த அம்மாவிடம் தாழ்ந்த குரலில் பேசினார். அக்கம்பக்கத்து வீடுகளில் அடுப்பை அணைத்து ஆட்களை வெளியே வரச் சொன்னார். அதற்குப் பிறகுதான் அதிகாரிகளுக்கு போன் போட்டார். அவர்கள் வரும்வரை நாங்கள் கம்மாய்க்கரைக் கல்லில் உட்கார்ந்திருந்தோம்.

“பாவம்க்கா, அந்த மனுசன் மேல கேஸ் ஆகும்” என்றேன்.

“ஆகும்ணே. ஆளு இருக்காருல்ல, ஆகட்டும்.” ரவிக்கைக் கையை மணிக்கட்டுக்கு இழுத்து விட்டுக்கொண்டார். “எங்க வீட்டுக்கு ஒருத்தரும் வந்து மூடியத் தொறக்கல.”

நான் கேட்காமலே அவர் தன்னைப் பற்றிச் சொன்னது அது ஒன்றுதான்.

அந்த வீட்டுக்காரர் வந்தார், அதிகாரிகளும் வந்தார்கள். முறைப்படி எல்லாவற்றையும் எடுத்துப் போனார்கள். கேஸ் ஆனது. அவர் தெருவில் நின்று கத்தினார். “ஊருல ஒருத்தி வீட்டு மூடிய விடுதாளா இவ? சோத்துப் பானையில மூக்க விட்டவ கடைசில எம் பொழப்புல விட்டுட்டா!” கூட்டத்தில் நிறையப் பேர் தலையாட்டினார்கள். பிள்ளைகள் பக்கம் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூடி திறக்கிறவள் வந்தாள், திறந்தாள், பார்த்துவிட்டாள், அவ்வளவுதான். யாருக்கும் வேறு சந்தேகமே வரவில்லை.

அதற்குப் பிறகு அந்த ஊரில் அக்காவைக் கண்டால் கதவைச் சாத்த ஆரம்பித்தார்கள். உள்ளங்கையில் குழம்பு விட்டவர்கள்தான். சில வீடுகளில் சாத்துவதற்கு வேறு காரணமும் இருந்திருக்கும். முதலாளியிடம் ஆள் மாற்றி ஆள் போய்ச் சொன்னார்கள். அவரும், “கொஞ்ச நாளைக்கு அந்தப் பக்கம் போகாண்டாம்மா” என்றார். எங்கள் ஊரில் கொஞ்ச நாள் என்றால் என்ன அர்த்தமென்று எல்லாருக்கும் தெரியும்.

கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் அக்கா மன்றத்துக்கு வந்திருந்தார். புது நெட் கட்டியாகிவிட்டது. பாத்ரூமுக்குத் தாழ்ப்பாள் போட்டாகிவிட்டது. டியூஷன் தம்பியிடம் மார்க் கேட்காதே என்று சொல்லியாகிவிட்டது. பிள்ளைகள் கொஞ்சம் கொஞ்சமாக வர ஆரம்பித்திருந்தார்கள். அந்த மூன்று பேரும் வந்திருந்தார்கள். பெரியவள் கம்ப்யூட்டர் முன்னால், பையன் கோர்ட்டில், சின்னவள் வெளியே போகிற பந்தை ஓடி ஓடி எடுத்துக்கொண்டு. அக்கா ஜன்னலில் நின்று ஒவ்வொருவராகப் பார்த்தார்.

“அண்ணே, அன்னைக்கு எழுதினது இந்த மூணுல எதுண்ணே?”

நான் வாயைத் திறந்தேன்.

“வேணாம், வேணாம். சொல்லாதீக. தேட மாட்டோம்னு சொல்லிருக்கோம்.”

கொஞ்ச நேரம் பந்து போகிற பக்கமெல்லாம் பார்த்தார்.

“நடுவுல உள்ளதா?”

நான் போனை எடுத்து மணி பார்த்தேன்.

“அண்ணே, அங்கிட்டுத் திரும்பி நில்லுங்க. உங்க மூஞ்சியப் பாத்தா எனக்குத் தெரிஞ்சிரும்.”

திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றேன். அங்கே எங்கள் அச்சகத்துக் காலண்டர் தொங்கியது. முதுகுக்குப் பின்னால் அவர் நகத்தால் ஜன்னல் கம்பியைச் சுரண்டிக்கொண்டே இருப்பது கேட்டது. என் முகத்தில் படிக்க ஒன்றுமில்லை என்பது அவருக்குத் தெரியாது. வீட்டுக்கு ஒரு போன். மூன்று பேரும் தொடுகிற போன். மதுரைத் தம்பி தேடிச் சொன்னதும் அப்பா பெயரில் இருந்த நம்பரைத்தான். எந்தப் பிள்ளை என்று எனக்கும் தெரியாது.

அக்கா இப்போது கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் வார்டன். அந்தப் பிள்ளைகளின் டிபன் பாக்ஸ்களுக்காக நான் அனுதாபப்படுகிறேன். தீபாவளிக்குத் தீபாவளி எனக்கு போன் வரும். மதினி எப்படி இருக்காக, வாட்ச்மேன் மாமா கேரம் ஆட வாராரா, அந்தப் பெரிய புள்ளைக்கு வேலை கெடச்சிருச்சா என்று எல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் குரலைத் தணித்து ஆரம்பிப்பார்.

“அண்ணே, அந்த மூணுல...”

“சொல்லட்டுமாக்கா?”

“ஐயையோ, வேணாம், வேணாம்” என்று போனை வைத்துவிடுவார்.

எனக்குத் தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துபோகும். சொல்லவில்லை. அடுத்த தீபாவளிக்கு யார் போன் பண்ணுவார்கள்?